ஜிப்ஸிக்கு ஸ்டீயரிங் கார்டு: எத்தனை மில்லி தகடு, எதில் பிடிப்பது?

குடியாத்தம் வாசகரின் கேள்வி, 2025 ஜனவரி 11

அண்ணா, பழைய மாருதி ஜிப்ஸி கிங் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஒடுகத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் நிலம் இருக்கிறது, வாரா வாரம் போய்வர வேண்டும். கடைசி ரெண்டு கிலோமீட்டர் கல்லும் ஓடையும்தான். வண்டியின் டை ராட் (முன்சக்கரம் இரண்டையும் இணைக்கும் ஸ்டீயரிங் கம்பி) ஏற்கெனவே வளைந்து நிமிர்த்தப்பட்ட மாதிரி தெரிகிறது. அது இனி கல்லில் அடிபடாமல் இருக்க ஒரு ஸ்டீயரிங் கார்டு போட நினைக்கிறேன். பட்டறையில் 6 மி.மீ. இரும்புத் தகட்டை முன் பம்பரில் மாட்டி, டை ராடுக்கு அடியில் பின்னால் வரை இழுத்துக் கட்டிவிடலாம் என்கிறார்கள். இன்னொருவர் அலுமினியம்தான் நல்லது என்கிறார். எது போடலாம், எத்தனை மி.மீ.?

ஜனவரி 11, இரவு

எத்தனை மில்லி என்பதைக் கடைசியில் பார்ப்போம் தம்பி. முதலில் அந்தத் தகட்டை எதில் பிடிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்ய வேண்டும். அதில் கோட்டை விட்டால் தகடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

ஜிப்ஸியில் முன்னால் இருப்பது ரிஜிட் ஆக்ஸில். இரண்டு சக்கரத்துக்கும் ஒரே குழாய், அது ஸ்பிரிங் பட்டையில் உட்கார்ந்திருக்கிறது. டை ராட் அந்த ஆக்ஸிலுக்கு முன்பக்கம் ஓடுகிறது. ஆக்ஸில் ஏறினால் டை ராடும் ஏறும், இறங்கினால் சேர்ந்து இறங்கும். பம்பரும் சேஸியும் (வண்டியின் அடிச்சட்டம்) வேறு கணக்கு. அவை மேலே நிற்கின்றன, கீழே ஆக்ஸில் தன் போக்கில் ஆடுகிறது.

இப்போது பட்டறைக்காரர் சொன்னதை யோசித்துப் பாருங்கள். சேஸியில் பிடித்த தகடு டை ராடுக்கு அடியில் வருகிறது. வண்டி பள்ளத்தில் இறங்கி முன்சக்கரம் தொங்கும்போது ஆக்ஸில் கீழே வரும், டை ராட் போய்த் தகட்டின் மேல் உட்காரும். அதைத் தவிர்க்க வேண்டுமானால் தகட்டை ஒரு சாண் கீழே தள்ளித் தொங்கவிட வேண்டும். ஜிப்ஸிக்குக் கம்பெனி கொடுத்த தரை இடைவெளியே 210 மி.மீ.தான். அப்படித் தொங்கும் தகடு பாதையில் உள்ள ஒவ்வொரு கல்லையும் தேடிப்போய் இடிக்கும்.

அதனால் ரிஜிட் ஆக்ஸில் வண்டியில் டை ராடுக்கு அடியில் போகும் கார்டை ஆக்ஸிலோடு சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். சேஸியில் பிடித்தே ஆக வேண்டுமென்றால் டை ராடுக்கு முன்னால் சரிவாக நிற்கும் ஒரு மறைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், அடியில் கொண்டுபோக வேண்டாம்.

ஜனவரி 12, காலை

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார்டுக்கு முன்னால் அந்த வளைந்த டை ராடைக் கவனியுங்கள். ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கும் டை ராட் வளைந்தால் அதன் இரு முனைக்கும் இடையே உள்ள தூரம் குறைகிறது. அப்போது இரண்டு சக்கரத்தின் முன்பக்கமும் உள்ளே இழுபட்டு, டோ-இன் கூடிவிடும். டயரின் வெளி ஓரம் சீக்கிரம் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். டை ராட் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும்.

நிமிர்த்திய டை ராட் மறுபடி அதே இடத்தில் வளைய அதிகம் அடி தேவைப்படாது. வாரா வாரம் கல்லில் ஓடப் போகிற வண்டி, அதனால் புதிது வாங்கிப் போட்டுவிடுங்கள். இரண்டு முனையிலும் உள்ள பால் ஜாயிண்டுகளையும் (உருண்டை மூட்டுகள்) ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடம் வலமாகச் சிறிது சிறிதாக அசைக்கட்டும், நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயிண்டிலும் விரலை வைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் விரலில் தட்டும். ஆட்டம் உள்ள ஸ்டீயரிங்குக்குக் கார்டு போடுவது ஆபத்தான வேலை. கார்டு இருக்கிற தைரியத்தில் வேகம் கூடும், ஜாயிண்டோ கண்ணில் படாமல் மறைந்திருக்கும்.

ஜனவரி 12, மாலை

ஆம்பூரிலிருந்து ஒருவர் 2020 மாடல் மஹிந்திரா தார் வைத்திருக்கிறாராம். நான் சொன்னது அவருக்கும் பொருந்துமா என்று கேட்கிறார்.

பொருந்தாது சார். உங்கள் தாரில் முன்னால் இண்டிபெண்டென்ட் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஆடும். சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக் அசையாமல் மேலே நிற்கும். சக்கரம் எவ்வளவு ஆடினாலும் ரேக் இடம் மாறாது. அதனால் சேஸியில் பிடித்த தகடு உங்களுக்குச் சரி. ஆனால் ரேக்கிலிருந்து சக்கரம் வரை போகும் இரண்டு கைகளும் அந்தத் தகட்டுக்கு வெளியேதான் இருக்கும். அவற்றை எந்தத் தகடும் முழுதாக மூடாது. அங்கே உள்ள ரப்பர் உறை (பூட்) கிழிந்தால் தண்ணீரும் தூசியும் ரேக்குக்குள் போய்விடும். ஓடை தாண்டி வந்த பிறகு டார்ச் அடித்து அந்த உறையைப் பாருங்கள். கார்டைவிட அந்த ஒரு பழக்கம் அதிகம் காப்பாற்றும்.

ஜனவரி 14

பொங்கல் லீவில் பட்டறை எல்லாம் மூடியிருக்கும். கையோடு ஒரு வேலையை முடித்துவிடுங்கள் தம்பி. டிவி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, வண்டிக்கடியில் பிடித்துக் கார்டின் வடிவத்தை எடுத்து வையுங்கள். அட்டையில் வராத வளைவு தகட்டிலும் வராது.

ஜனவரி 19

இப்போது தகடு.

பலரும் இரும்பா அலுமினியமா என்று ஒரே வரியில் கேட்கிறார்கள். எடை, விறைப்பு, வழுக்கும் தன்மை, மலைமேல் வைத்துச் சரிசெய்ய முடிவது, இந்த நான்கையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் பதில் வரும்.

எடை: ஒரு சதுர மீட்டர் 4 மி.மீ. இரும்புத் தகடு 31.4 கிலோ. 6 மி.மீ. என்றால் 47 கிலோ. 6 மி.மீ. அலுமினியம் 16.2 கிலோ. நம் கார்டு ஏறக்குறைய 70 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் 4 மி.மீ. இரும்பு 7.7 கிலோ, பட்டறைக்காரர் சொல்லும் 6 மி.மீ. இரும்பு 11.5 கிலோ, 6 மி.மீ. அலுமினியம் 4 கிலோ. ஆக்ஸிலில் தொங்கும் எடை ஸ்பிரிங்கின் மேல் உட்காராத எடை, சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கிற எடை. ஆயிரம் கிலோவை ஒட்டிய வண்டியில் முன் ஆக்ஸிலில் பதினொன்றரை கிலோவைக் கட்டினால் தார்ச்சாலையிலேயே கையில் தெரியும்.

விறைப்பு: இரும்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்கு விறைப்பானது. ஆனால் தகடு வளையாமல் நிற்பது தடிமனின் மூன்றாம் படியைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் 6 மி.மீ. அலுமினியம் 4 மி.மீ. இரும்பைவிடக் கொஞ்சம் விறைப்பாகவே வரும், எடையோ பாதிதான். "அலுமினியம் மெத்தென்று வளைந்துவிடும்" என்பவர்கள் ஒரே தடிமனை ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்.

வழுக்கல்: இங்கேதான் நம் ஊர் வருகிறது. அடிவாரத்தில் கிடப்பது கருங்கல், பாறைச் சில்லு. அலுமினியம் அந்தக் கல்லில் பிடித்துக்கொள்ளும், ஆழமாகக் கீறும். இரும்பு உரசிக்கொண்டே நழுவிவிடும். கல்லின் மேல் உட்கார்ந்த வண்டி நழுவி இறங்க வேண்டும், கவ்விக்கொண்டு நிற்கக் கூடாது. அரை டன் எடை முன்பக்கம் அழுத்தும்போது இந்த வித்தியாசம் பெரிது.

சரிசெய்வது: அணைக்கட்டிலோ ஒடுகத்தூரிலோ எந்த வெல்டரும் இரும்பை ஒட்டித் தருவார். அலுமினியம் வெல்டிங்குக்கு டிக் மெஷின் வேண்டும், அது வேலூருக்குள் வந்தால்தான் கிடைக்கும்.

என் முடிவு: உங்களுக்கு 4 மி.மீ. மைல்ட் ஸ்டீல். ஓரங்களை மேல்நோக்கி மடித்துவிடுங்கள். தட்டையான 6 மி.மீ. தகட்டைவிட ஓரம் மடித்த 4 மி.மீ. தகடு நன்றாக நிற்கும். 6 மி.மீ. இரும்பு உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

செக்கர் பிளேட் வாங்கப் போகிறீர்கள் என்றால், அந்தப் புடைப்புகள் கீழே பார்த்தபடி மாட்டாதீர்கள். படியில் கால் வழுக்காமல் இருக்கப் போட்ட புடைப்பு அது, கல்லிலும் அதே வேலையைச் செய்யும்.

ஜனவரி 20

வெல்டிங் பற்றி மூன்று விஷயம், மூன்றும் முக்கியம்.

கார்டின் பிடிமானத்தை ஆக்ஸில் குழாயில் நேராக வெல்டிங் வைக்க விடாதீர்கள். குழாய் ஒரு பக்கம் சூடேறி ஆறும்போது இழுத்துக்கொள்ளும். உள்ளே ஆக்ஸில் ஷாஃப்ட் ஓடுகிறது, முனையில் சக்கரத்தின் கோணம் இருக்கிறது. வேலூரில் ஒரு பட்டறையில் இப்படி வைத்த வண்டியை நான் பார்த்தேன். அலைன்மென்ட் கடைக்காரர் எவ்வளவு திருகியும் கேம்பர் (சக்கரம் சாயும் கோணம்) கணக்கு வரவில்லை. அதைச் சரிசெய்ய ஹவுசிங்கையே கழற்ற வேண்டியிருந்தது. ஜிப்ஸியில் ஸ்பிரிங் பட்டைக்கு அடியில் யு போல்ட் தகடு இருக்கிறது இல்லையா, அதைக் கொஞ்சம் நீளமாகப் புதிதாகச் செய்து, கார்டை அதில் போல்ட் போட்டுப் பிடியுங்கள். வெல்டிங் எல்லாம் வண்டிக்கு வெளியே, மேசைமேல்.

டை ராட், டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி), நக்கிள் கை (சக்கரத்தைத் திருப்பும் கை), பிட்மேன் கை (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை), இவற்றில் எதற்கும் வெல்டிங் வைக்கக் கூடாது, கேஸ் கட்டரால் சூடுபடுத்தி நிமிர்த்தவும் கூடாது. சூட்டில் அவற்றின் பதம் போய்விடும்.

வண்டியிலேயே எதையாவது ஒட்ட வேண்டி வந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், எர்த் கிளிப்பை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள். தள்ளி மாட்டினால் கரண்ட் பேரிங்கும் பால் ஜாயிண்டும் வழியாக ஓடி உள்ளே பொறி வைத்துவிடும்.

பிப்ரவரி 2

கார்டை முதலில் டாக் வெல்டில் (அங்கங்கே புள்ளி புள்ளியாக வைக்கும் தற்காலிக வெல்டிங்) நிறுத்தி மாட்டிப் பார்க்கிற கட்டத்துக்கு வந்துவிட்டதாகத் தம்பி எழுதியிருக்கிறார். நல்லது. இந்தக் கட்டத்தில் அவசரப்படக் கூடாது. பெங்களூர் ரோட்டில் லாரிக்கு வேலை செய்யும் ஒரு பெரியவர் எனக்குச் செய்து காட்டிய முறையைச் சொல்கிறேன். அவரிடம் அளவுகோல்கூடக் கிடையாது, களிமண்தான்.

ஈரக் களிமண்ணை எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டை ராடுக்கும் கார்டுக்கும் இடையே மூன்று இடத்தில், டிராக் லிங்குக்கு அடியில் ஒன்று, கார்டின் மேல் விளிம்புக்கும் சேஸிக்கும் நடுவில் ஒன்று என்று ஒட்டி வையுங்கள். அப்புறம் வண்டியை நான்கு நிலையில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஒன்று, சேஸியில் ஜாக்கி கொடுத்து முன்சக்கரம் இரண்டையும் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இடது கடைசி வரை, வலது கடைசி வரை திருப்புவது. இரண்டு, ஆக்ஸிலில் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே ஏறுவதைத் தடுக்கும் ரப்பர் கட்டை) முட்டும் வரை எடை ஏற்றி அதே மாதிரி திருப்புவது. எடைக்கு நெல் மூட்டையோ நான்கு ஆளோ போதாது. அந்தப் பெரியவர் செயின் போட்டுச் சேஸியை ஆக்ஸிலோடு இழுத்துக் கட்டினார். மூன்றாவதும் நான்காவதும் ஒரு சக்கரம் மேலே, மறு சக்கரம் கீழே என்று மாற்றி மாற்றி. மலைப்பாதையில் நடப்பது பெரும்பாலும் இதுதான், பட்டறைகளில் யாரும் செய்து பார்க்காததும் இதுதான்.

பிறகு உருண்டைகளை எடுத்துப் பாருங்கள். எங்கே நசுங்கி ஒரு விரல் தடிமனுக்குக் கீழே போயிருக்கிறதோ அங்கே கார்டு போகப் போக இடிக்கும். கல்லில் மோதும்போது தகடு உள்ளே அமுங்கும், அந்த இடைவெளி அப்போதும் மிஞ்ச வேண்டும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதுதான் டை ராட் மிகவும் முன்னால் நிற்கும். திருப்பத் திருப்ப அது பக்கவாட்டிலும் நகரும், ஆக்ஸில் பக்கமும் வரும். ஆகவே முன் இடைவெளியை நேராக வைத்து அளக்க வேண்டும், பின் இடைவெளியைக் கடைசி வரை திருப்பி அளக்க வேண்டும். டிராக் லிங்க் வேறு கதை. அதன் ஒரு முனை சேஸியில் உள்ள ஸ்டீயரிங் பாக்ஸில் தொங்குகிறது, மறு முனை சக்கரத்தோடு ஆடுகிறது. ஆக்ஸில் மேலே ஏறும்போது பிட்மேன் கை கார்டை நோக்கி இறங்கி வருவது போல் ஆகும். கார்டின் அந்த மூலையைக் கொஞ்சம் வெட்டி விட்டால் போதும்.

பிப்ரவரி 9

கார்டின் வடிவம் ஊருக்கு ஊர் மாறும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். சரியான பேச்சு.

எங்கள் பக்கத்தில் மூன்று விதமான தரை. ஜவ்வாது மலை அடிவாரம், அமிர்தி பக்கம், பீஞ்சமந்தை ஏறும் வழி எல்லாம் பாறையும் பாதி புதைந்த கல்லும். பாலாறு முழுக்க மணல். நடுவில் செம்மண் தோட்டப் பாதைகள், மழை பெய்தால் சேறு.

பாறைக்கு, கார்டின் முன் விளிம்பு நன்றாக மேலே மடிந்து, கல்லின் மேல் ஏறிப்போகிற சரிவோடு இருக்க வேண்டும். மணலில் முன் விளிம்பு தாழ்ந்திருந்தால் முறம் மாதிரி மணலை வாரிக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் ஒரே பதில்தான்: விளிம்பைத் தூக்கி மடியுங்கள், கீழ்ப்பக்கம் துருத்திக்கொண்டு எதுவும் இருக்கக் கூடாது. போல்ட் தலைகள் தகட்டுக்குள் பதிந்திருக்க வேண்டும். துருத்திய அறுகோணத் தலையைக் கல் தேய்த்துவிட்டால் பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

சேற்றுக்கு ஓட்டை வேண்டும். கார்டுக்குள் சேறு நிறைந்து காய்ந்தால் எடையும் கூடும், பால் ஜாயிண்டின் ரப்பரையும் அரிக்கும். கட்டைவிரல் போகும் அளவில் நான்கைந்து ஓட்டை, விளிம்பை உளியால் உள்பக்கம் தட்டி மழுக்கிவிட்டு.

கோடையில் வேறு கவலை. ஆளுயரம் காய்ந்த புல்லில் ஓட்டும்போது அது கார்டுக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே சிக்கிச் சேரும், அங்கிருந்து பின்னால் புகைக்குழாய் வரைக்கும் போகும். வெயில் 40 டிகிரி தாண்டுகிற ஊர். வண்டியை நிறுத்தினதும் கீழே கையை விட்டு அதைப் பிடுங்கிப் போடுங்கள். காட்டுக்குத் தீ வைத்தவர் என்ற பெயர் யாருக்கும் வேண்டாம்.

அப்புறம், காப்புக்காடு எல்லை தெரிந்து ஓட்டுங்கள். அனுமதி இல்லாமல் உள்ளே வண்டி விடுவது குற்றம். நல்ல கார்டு போட்டிருக்கிறோம் என்று புதுத் தடம் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மண் அரிப்பு அங்கேதான் தொடங்கும், மலைக்கிராமத்துக்காரர்கள்தான் அதற்கு விலை கொடுப்பார்கள்.

பிப்ரவரி 10

"கார்டே வேண்டாம், டை ராடைத் தடிமனாகச் செய்து போடு" என்று ஆற்காட்டு நண்பர் எழுதியிருக்கிறார். இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். அதில் நியாயம் இருக்கிறது. எடை கூடாது, தரை இடைவெளி குறையாது, சேறு சேராது. தடித்த சுவருள்ள தையலில்லாக் குழாயில் செய்த டை ராட் சாதாரண அடிக்கு வளையாது.

ஆனால் டை ராட் வளையாமல் நின்றால் அடி எங்கே போகும் என்று கேட்க வேண்டும். அடுத்தது பால் ஜாயிண்ட், அதற்கு அடுத்தது நக்கிள் கை. வளைந்த டை ராடோடு மெதுவாக வீட்டுக்கு வந்துவிடலாம். உடைந்த பால் ஜாயிண்டோடு வர முடியாது, இறக்கத்தில் உடைந்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்றும் சொல்ல முடியாது.

அமிர்தி தாண்டி ஒரு ஓடையில் என் வண்டியின் டை ராட் வில்லாக வளைந்தது. ஹை-லிஃப்ட் ஜாக்கியை ஆக்ஸிலுக்கும் டை ராடுக்கும் நடுவே கொடுத்து மெல்ல மெல்லத் தள்ளி, கண்ணால் பார்த்து நேராக்கி, ஒரு ஆங்கிள் இரும்புத் துண்டை அதன் மேல் வைத்து மூன்று யு கிளாம்ப் போட்டு இறுக்கினோம். லாக் நட்டைத் தளர்த்தி டை ராடைத் திருகி, டயரின் முன்பக்க அகலத்தையும் பின்பக்க அகலத்தையும் கயிற்றால் அளந்து சமப்படுத்தினோம். ஒரு முனையில் இடது மரை, மறு முனையில் வலது மரை இருப்பதால் குழாயைத் திருகினாலே நீளம் மாறும். இருபது கிலோமீட்டர் வேகத்தில் கணியம்பாடி வந்து சேர்ந்தோம். வளையும் பொருள் ஒன்று சங்கிலியில் இருந்ததால்தான் அது முடிந்தது.

அதனால் என் பக்கம் இது: டை ராட் கம்பெனி அளவிலேயே இருக்கட்டும், முன்னால் அடியை வாங்க ஒரு கார்டு இருக்கட்டும். பாறையில் போட்டிக்கு ஓட்டுகிறவர்கள் தடித்த டை ராட் போடுவார்கள், கூடவே பால் ஜாயிண்டையும் பெரிதாக மாற்றுவார்கள். வாரம் ஒரு முறை நிலத்துக்குப் போகிறவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

பிப்ரவரி 23

மாருதி ஜிம்னி வாங்கியவர் ஒருவர் தன் வண்டிக்கு எந்தக் கார்டு என்று கேட்டிருக்கிறார். ஜிம்னியிலும் முன்னால் ரிஜிட் ஆக்ஸில்தான், காயில் ஸ்பிரிங், தரை இடைவெளி அதே 210. ஸ்டீயரிங் டாம்பரும் (ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) சேர்ந்து வருகிறது. அது எளிதில் பழுதாகிற பொருள், தண்டில் ஒரு சிராய்ப்பு விழுந்தாலே எண்ணெய் கசியும். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் கார்டு எதில் மாட்டுகிறது என்று படத்தில் தேடுங்கள். சேஸியில் மாட்டுவதாக இருந்தால் வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டு இடைவெளியைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். விற்பனைப் படங்கள் எல்லாம் சமதரையில் நிற்கும் வண்டியில் எடுத்தவை, அதில் ஒன்றும் தெரியாது.

அலுமினியம் பற்றியும் திரும்ப ஒரு வார்த்தை. ஜனவரியில் நான் எழுதியது ஒடுகத்தூர் கல்லுக்கு. பாலாற்று மணலும் தோட்டப் பாதையும் மட்டும் ஓட்டுகிறவருக்கு 6 மி.மீ. அலுமினியம் அருமையான பொருள், துருவும் பிடிக்காது. வாங்கும்போது கிரேடு கேளுங்கள். 5052 மடிக்க வரும். 6061 டி6 வலுவானது, ஆனால் இறுக்கமாக மடித்தால் மடிப்பில் வெடிக்கும். இரும்புப் பிடிமானத்தோடு சேருமிடத்தில் ரப்பரோ நைலான் வாஷரோ வையுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலம் முடிவதற்குள் அலுமினியம் அங்கே வெள்ளையாகப் பூத்து அரித்துவிடும்.

மார்ச் 2

இந்தக் கார்டு போட்டால் ஆர்டிஓ தடை சொல்வாரா என்று கேட்டவருக்கு: 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது பம்பருக்கு முன்னால் மாட்டும் கிராஷ் கார்டு, புல் பார் பற்றி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைக் காட்டி நடவடிக்கை எடுக்கச் சொன்னார்கள். நடந்து போகிறவர் மேல் மோதினால் காயம் கூடும் என்பது அதன் காரணங்களில் ஒன்று. நியாயமான காரணம். வண்டிக்கடியில் இருக்கும் தகடு அந்த வகை இல்லை. ஆனால் பம்பர் விளிம்பைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டு எதையும் செய்யாதீர்கள். நீட்ட வேண்டிய தேவையும் இல்லை.

மார்ச் 16

குடியாத்தம் தம்பி படம் அனுப்பியிருக்கிறார். 4 மி.மீ., ஓரம் மடித்தது, யு போல்ட் தகட்டில் பிடித்தது, ஓட்டைகளும் இருக்கின்றன. வெல்டர் கைவேலை சுத்தம். அவருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு இடம் மாற்ற வேண்டும். முன் விளிம்பை அழகாகத் தூக்கியிருக்கிறீர்கள், பின் விளிம்பு நேராக வெட்டி நிற்கிறது. கல்லில் ஏற முடியாமல் ரிவர்ஸ் எடுக்கும்போது அந்த விளிம்புதான் முன்னணி. அது கல்லின் பின்னால் கொக்கி போட்டுக்கொண்டால் எஞ்சினின் முழு இழுப்பும் அந்த நான்கு போல்ட்டில் வரும். பின் விளிம்பையும் இரண்டு விரல் அளவு மேலே மடியுங்கள். திரும்பப் பட்டறைக்குப் போகச் சலிப்பாக இருக்கும், ஆனாலும் போய்விட்டு வாருங்கள். மலையில் வண்டி மாட்டிக்கொள்வது ஏறும்போது குறைவு, பின்வாங்கும்போதுதான் அதிகம்.

போல்ட் 8.8 (அதன் வலுவைக் காட்டும் எண்) என்று தலையில் அடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன், பார்த்துவிட்டீர்களா?

மார்ச் 17

8.8தான் என்று பதில் வந்துவிட்டது. எம்10 (10 மி.மீ. தடிமன்) போட்டிருக்கிறார். போதும்.

ஏப்ரல் 6

மாட்டிய பிறகு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் 'டர்ர்' என்று சத்தம் வருகிறதாம். பெரும்பாலும் தகட்டின் நடுப்பகுதி அதிர்கிற சத்தம்தான். நடுவில் குறுக்காக ஒரு அங்குல ஆங்கிள் ஒட்டினால் நிற்கும். ஆனால் அதற்கு முன்னால் யு போல்ட் நட்டுகளைப் பாருங்கள். புதிதாகச் செய்த தகடு ஸ்பிரிங் பட்டையோடு படிந்து உட்கார்வதற்குச் சில நாள் ஆகும், அதற்குள் நட்டு தளர்ந்துவிடும். யு போல்ட் தளர்ந்தால் ஆக்ஸிலே இடம் மாறும், சத்தம் அப்போது சின்ன விஷயம். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் ஒரு முறை டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். இறுக்கிய பிறகு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு போட்டுவைத்தால், அடுத்த முறை குனிந்து பார்த்தாலே தெரியும்.

கார்டைக் கழற்றாமல் பால் ஜாயிண்டைத் தொட்டுப் பார்க்க முடிகிறதா? முடியாவிட்டால் அதற்கு நேராக ஒரு ஓட்டை போடுங்கள். சர்வீஸுக்கு விடும்போது கார்டைக் கழற்றிவிட்டு விடுங்கள். கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே மேலாகத் துடைத்துக் கொடுத்துவிடும் பட்டறைகள் உண்டு.

ஏப்ரல் 7

பெயிண்ட் கேட்டிருந்தீர்கள். ரெட் ஆக்சைடு இரண்டு கை, மேலே சாதாரண கறுப்பு எனாமல். பவுடர் கோட்டிங்குக்குப் பணம் போடாதீர்கள். முதல் கல்லிலேயே உரியும், உரிந்த இடத்தின் ஓரத்துக்கு அடியில் ஈரம் புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் துருப் பிடிக்கும். எனாமல் என்றால் பிரஷ் எடுத்து நீங்களே தடவிக்கொள்ளலாம். பழைய டை ராடைத் தூக்கிப் போடாதீர்கள், நிமிர்த்தி வண்டியில் பின் சீட்டுக்கு அடியில் கட்டி வையுங்கள். கூடவே ஒரு முழ ஆங்கிள் இரும்பும் மூன்று யு கிளாம்ப்பும்.